பகல் உறக்கத்துக்காக ஓர் ஆட்சேபணை

எங்கள் வீட்டு யன்னல்களுக்கு நேரே கிடந்த வெறுங்காணியில் ஒரு காலை கம்பங்கள் முளைத்திருந்தன. மெல்லிய இரும்புக் கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னச் சட்டம், கூரை எந்தப் பக்கம் சரியும் என்று கை நீட்டிக் காட்டுவது போல. சுவிசில் ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன் அதன் ஓரங்களை இப்படி ஆகாயத்தில் கீறிக் காட்டவேண்டும். அயலில் இருப்பவன் பார்க்கட்டும், பார்த்து ஏதும் சொல்ல இருந்தால் சொல்லட்டும் என்பது ஏற்பாடு. நான் குசினி யன்னலடியில் தேநீரோடு நின்றேன். பிலாத்துஸ் மலையின் பாதி ஏற்கனவே அந்தக் கம்பங்களுக்குள் போய்விட்டிருந்தது. கட்டடம் இன்னும் இல்லை. அதன் நிழல் மட்டும் வந்து என் நெஞ்சில் விழுந்தது.

பக்கத்து அறையில் மனைவி நித்திரை. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறாள். எங்கள் ஊரான எம்மன்புரூக்கே முழுவதும் கோப்பி குடித்துக்கொண்டு வேலைக்கு ஓடும் நேரத்தில்தான் எங்கள் வீட்டில் இரவு தொடங்கும். யன்னலுக்கு வெளியே உள்ள தட்டிகளை அடிவரை இறக்கிவிட்டு, தொலைபேசியின் வாயை அடைத்துவிட்டு, நான் காலுறையோடு நடப்பேன். எனக்கு ஆஸ்பத்திரிச் சலவையில் பின்னேர வேலை. காலை முழுவதும் அவளுடைய நித்திரைக்கு நான்தான் காவல். கரண்டி கோப்பையில் முட்டாமல் சீனி கலக்கும் வித்தையை வேறு எந்த நாட்டில் கற்றிருப்பேன்?

கீழ்வீட்டு அண்ணை படலையடியில் நின்று கம்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு ஆலையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆலைச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை இன்னும் இறங்கவில்லை.

"தம்பி, சேர்க்கஸ் வருகுது போலை."

"மெல்ல, அண்ணை. அவ படுத்திருக்கிறா. சேர்க்கஸ் இல்லை, கட்டடம்."

"என்ன கட்டடம்?"

வேலியில் ஒரு பலகை கட்டியிருந்தார்கள். வாசித்தோம். கண்ணாடி மீள்சுழற்சி நிலையம். ஊர் ஊராகச் சேரும் வெற்றுப் போத்தல்களை லொறிகள் கொண்டுவந்து கொட்டும். நிறம் பிரித்து, நொருக்கி, உருக்குவதற்கு அனுப்புவார்கள். வரைபடத்தில் கொட்டும் வாசல் எங்கள் யன்னல்களைப் பார்த்து வாயைத் திறந்தபடி இருந்தது.

போத்தல் விழும் சத்தம் இந்த நாட்டில் சாதாரண விசயமில்லை. நாங்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிறு மத்தியானம், தெருமுனைத் தொட்டிக்குள் நான் ஒரேயொரு போத்தலைப் போட்டேன். எதிர் மாடியில் ஒரு மூதாட்டி பூச்செடிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஞாயிறில் கண்ணாடி போடக்கூடாது, மத்தியானத்திலும் கூடாது, தொட்டியில் எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரியாதா என்று தொடங்கி, நான் வீட்டுக் கதவைச் சாத்தும்வரை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் போத்தல்கள் மேசைக்குக் கீழே, குழந்தைகள் போல, சத்தம் போடாமல் திங்களுக்காகக் காத்திருக்கும். அப்படிப்பட்ட நாட்டில் இப்போது லொறி லொறியாக.

அன்று நான் நடந்தேன். எனக்கு மனம் அலையும்போது கால் நிற்காது. ரொய்ஸ் ஆற்றின் கரையால், ரெயில் பாலத்துக்குக் கீழால், பிறகு மேட்டில் ஏறி. மேட்டில் வீடுகளுக்குத் தோட்டங்கள் இருந்தன. அங்கே இப்படி ஒரு நிலையம் வராது. யாரும் ஓரவஞ்சனை செய்வதால் இல்லை. அந்த இடம் குடியிருப்புக்கு மட்டும் என்று வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்டிருக்கிறது. எங்கள் இடம், ரெயில் பாதைக்கும் பெருந்தெருவுக்கும் இடையில், வீடும் தொழிலும் கலந்த நிறம். கலந்த நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலான சத்தம் சட்டப்படி சரி. வாடகை குறைந்த வீடுகள் எந்த நிறத்தில் நிற்கும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, தேவையும் இல்லை. எங்கள் வாசலின் அழைப்புமணிப் பெயர்களைப் பார்த்தால் போதும்: தமிழ், போர்த்துக்கல், எரித்திரியா, அல்பேனியா.

நிலையத்தைக் கட்டும் நிறுவனத்தின் சத்த அறிக்கையை ஊர்க் கட்டடக் கந்தோரில் போய்ப் பார்த்தேன். நேர்மையான அறிக்கை. பகலில் சத்தம் சட்டத்தின் எல்லைக்குள், இரவில் வேலையே இல்லை. இரவின் அமைதி முழுமையாகப் பேணப்படும் என்று ஒரு வரி. நான் அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் கட்டடத்தில் இரவில் யார் இருக்கிறார்கள்? பாணுக்கு மா குழைக்கப் போனவர், ரெயில் பெட்டி கழுவப் போனவள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், என் மனைவி. இரவின் அமைதியை எங்கள் வீடுகளில் கட்டில்கள் மட்டும் அனுபவிக்கின்றன.

எனக்கு வேலையில்லாத ஒரு நாள், அவள் எழும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்சேபணை எழுதலாம், பலகையில் கடைசி நாள் போட்டிருக்கிறார்கள், அதற்குள் கொடுக்கவேண்டும் என்றேன். அவள் கண்ணாடிக்கு முன் நின்று தலைமயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கோ. ஆனா என்ரை பேர் வேண்டாம்."

"உம்மடை நித்திரைக்குத்தானே எழுதிறது?"

"எனக்குக் குடியுரிமை நேர்முகம் வருகுது, தெரியும்தானே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"என்னவோ? அங்கை போன ஆக்களைக் கேளுங்கோ. குப்பை எப்பிடிப் பிரிக்கிறீங்கள், போத்தல் எங்கை போடுறீங்கள், கடதாசி எப்ப கட்டி வைக்கிறீங்கள் எண்டுதான் கேக்கினமாம். மீள்சுழற்சி வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டு, அதே கந்தோருக்குப் போய், நான் நல்ல மனிசி, என்னை எடுங்கோ எண்டு இருக்கேலுமோ?"

"அப்ப நித்திரை?"

அவள் சீப்பை நிறுத்தினாள். "உங்களுக்கு என்ன, ஒண்டெண்டால் கால் கிடக்கு, ஆத்தங்கரையாலை லுசேர்ன் வரைக்கும் போயிடுவியள். எனக்கு வேலையை விடவும் ஏலாது, வீட்டை விடவும் ஏலாது. பஞ்சை வாங்கிக் காதுக்குள்ளை அடைஞ்சு படுப்பன்."

முன்பு ஒரு தடவை, கீழே தெருவைக் கிண்டிய மாதத்தில், அப்படிப் படுத்திருக்கிறாள். அப்போது நித்திரையில்லாத களைப்பில், ஒரு முதியவருக்குக் கொடுக்கவேண்டிய மருந்தைக் கீழே போட்டிருக்கிறாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்து அழுதாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்த வேலை. நித்திரை போனால் அது போகும் என்று இருவருக்கும் தெரியும். அவள் தலையைப் பின்னிக் கட்டினாள், வேலைக்குப் போனாள்.

அண்ணைக்கு அப்படி யோசனை ஒன்றும் இல்லை. விசயத்தைக் கேட்டதும் அவர் நிமிர்ந்துவிட்டார். "விடு தம்பி. நான் சனத்தைத் திரட்டுறன்."

திரட்டினார். வார முடிவில் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போனவர் கையெழுத்துத் தாள்களோடு திரும்பி வந்தார். முன்னும் பின்னும் நிறைந்த தாள்கள். ஒன்றில் சாம்பார் சிந்தியிருந்தது. எனக்கும் அது தவறாகப் படவில்லை. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். ஒன்றுக்கு எதிராக நிற்பதென்றால் தொகை வேண்டும், தலைகள் வேண்டும், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் வேண்டும். இரண்டு பேரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கட்டடக் கந்தோருக்குப் போனோம்.

அங்கே இருந்தவர் வெள்ளை மயிரைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மையார். தாள்களை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, விரலால் ஓட்டிக்கொண்டே போனார்.

"அட்லிஸ்வில்," என்றார். "அட்லிஸ்வில். அட்லிஸ்வில். பெர்ன், பூம்ப்ளிஸ். திரும்பவும் அட்லிஸ்வில். இவர்களுக்கு எம்மன்புரூக்கேயில் போத்தல் உடையும் சத்தம் கேட்குமா?"

அண்ணை ஆலையில் பழகிய தன் ஜெர்மனில் மார்பை நிமிர்த்திச் சொன்னார்: "எல்லாரும் என்னுடைய ஆட்கள்."

"அதில் எனக்குச் சந்தேகமே இல்லை," என்றார் அம்மையார்.

பிறகு அவர் கதிரையை எங்கள் பக்கம் திருப்பி, அவசரமில்லாமல் விளக்கினார். இது தேர்தல் இல்லை, எண்ணிக்கை பார்ப்பதற்கு. அந்த நிலையம் யாரைத் தொடுமோ அவர் எழுதவேண்டும். தன் பெயரில், தன் காரணத்தோடு, கையெழுத்து வைத்து. அப்படி ஒன்று வந்தால் அவர்கள் கூப்பிட்டுக் கேட்டே ஆகவேண்டும்.

"நாங்கள் வெளிநாட்டுக்காரர். எழுதலாமா?"

"காதுக்குக் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். நீங்கள் என்ன காரணம் எழுதுவீர்கள்?"

"சத்தம்."

"பகல் சத்தம் எல்லைக்குள் என்று அறிக்கை சொல்கிறது."

"என் மனைவி பகலில்தான் நித்திரை கொள்கிறாள்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் அதை அவர்தான் எழுதவேண்டும். அவர் பெயர் இதில் எங்கே?"

இல்லை. அத்தனை பெயருக்குள் அந்த ஒரு பெயர்தான் இல்லை.

நான் நேர்முகத்தைப் பற்றிக் கேட்டேன். ஆட்சேபணை எழுதினால் குடியுரிமையைக் கெடுக்குமா? அம்மையார் சிரிக்கவில்லை. "தனக்குள்ள உரிமையைப் பாவிப்பது இந்த நாட்டில் குற்றமில்லை. யாராவது வேறுமாதிரிச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்." சாம்பார் தாளை மேலே வைத்து எல்லாவற்றையும் அழகாக அடுக்கித் திருப்பித் தந்தார்.

பஸ்ஸில் அண்ணை கன நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு சனத்திட்டையும் எப்பிடி அண்ணை வாங்கினியள்?" என்றேன், அவர் முகத்தைத் தாங்க முடியாமல்.

"சாப்பாட்டு வரிசையிலை நிண்டுதான். கையெழுத்து வைச்சால்தான் கரண்டி எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப என்னத்துக்கு எண்டு தெரியாமலோ வைச்சவை?"

"பாதிப் பேர் கோயிலுக்குக் கார் நிப்பாட்டிற இடம் கேக்கிறம் எண்டு நினைச்சவை." பிறகு, தாடையைச் சொறிந்துகொண்டு: "ஒருத்தர் ரெண்டு தரம் வைச்சவர். ரெண்டாம் தரமும் சோறு எடுத்தவர்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பஸ் திரும்பிப் பார்த்தது.

மனைவி எழும்பித் தேநீர் குடிக்கும்போது கதையைச் சொன்னேன். அட்லிஸ்வில் அட்லிஸ்வில் என்று அம்மையார் வாசித்த இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தாள்களை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பெயர்கள் சில, தெரியாத பெயர்கள் பல. விரலை மெல்ல ஓட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆர் எவர் எண்டு தெரியாத சனம், என்ரை நித்திரைக்குக் கையெழுத்து வைச்சிருக்குது," என்றாள். "நான் வைக்கேல்லை."

"அவை காருக்கு வைச்சது."

"சும்மா இருங்கோ." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "பேனை எங்கை?"

அவளுக்கு என்னைவிட நல்ல ஜெர்மன். இரவெல்லாம் முதியவர்களோடு கதைத்துப் பழகியது. ஒரு பக்கம்தான் எழுதினாள். அதில் எனக்கு இன்றும் பாடமாக இருப்பது இவ்வளவு: இரவில் நான் விழித்திருக்கிறேன், அதனால் இந்த ஊரின் முதியவர்கள் நித்திரை கொள்கிறார்கள். பகல் எனக்கு இரவு. அந்த இரவை விட்டுவைத்துக் கட்டுங்கள். மீள்சுழற்சிக்கு நான் எதிரானவள் இல்லை என்பதைத் தனி வரியாக எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டாள்.

அண்ணைக்குப் பாவமன்னிப்புத் தேவைப்பட்டது. இந்த முறை சரியாகச் செய்கிறேன் என்று, எங்கள் கட்டடத்துக்குள்ளேயே, மாடிமாடியாக ஏறி அழைப்புமணி அடித்தார். காலை பத்து மணிக்கு. நித்திரையைக் காப்பாற்றுவதற்காக எல்லாருடைய நித்திரையையும் குழப்பினார். வெதுப்பகத்தில் வேலை செய்யும் போர்த்துக்கல்காரர் அரைக்காற்சட்டையோடு கதவைத் திறந்து, தன் மொழியில் அண்ணையின் பரம்பரையை விசாரித்தார். விசயம் விளங்கியதும் கதிரை கொண்டுவந்து போட்டு, அங்கேயே இருந்து எழுதினார். ரெயில் கழுவும் எரித்திரியப் பெண் கண்ணைத் திறக்காமலே எழுதினாள். கடைசி நாளன்று, கந்தோர் பூட்டுவதற்கு முன், மனைவியே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வரும்போது அவள் முகம், கடலில் எதையோ எறிந்துவிட்டு வந்தவளின் முகம்.

கூப்பிட்டார்கள். ஒரு நீளமான மேசை, தண்ணீர்க் குவளைகள். நிறுவனத்தின் பொறியியலாளர் இளைஞர், அமைதியானவர், கையில் வரைபடங்கள். அவர் எல்லைகளை விளக்கினார். எல்லாம் உண்மை. மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"ஞாயிறு மத்தியானம் நீங்கள் தொட்டிக்குள் போத்தல் போடுவீர்களா?"

அவர் திடுக்கிட்டார். "இல்லை. ஒருபோதும் இல்லை."

"ஏன்?"

"அயலில் இருப்பவர்கள் ஓய்வெடுப்பார்களே."

"எங்களுக்கு ஒவ்வொரு காலையும் ஞாயிறு மத்தியானம்," என்றாள்.

போர்த்துக்கல்காரர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். பொறியியலாளரின் காது சிவந்தது. குட்டை மயிர் அம்மையார் குனிந்து எதையோ எழுதினார். எழுதி முடித்து, எல்லைக்குள் இருந்தாலும் குறைக்கக்கூடிய சத்தத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றார். கொட்டும் வாசல் ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டார்.

பொறியியலாளர் வரைபடத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். லொறி திரும்புவதற்குச் சுகம் என்றுதான், என்றார். யன்னல்கள் இருப்பது தெரியும், பகலில் அவற்றுக்குப் பின்னால் யாரும் படுத்திருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அனுமதி கொடுத்தார்கள், நிபந்தனைகளோடு. வாசல் ரெயில் பாதைப் பக்கம். கொட்டுவது மண்டபத்துக்குள், கதவு சாத்திய பிறகு. எங்கள் பக்கச் சுவரில் ஒரு துவாரமும் இல்லை. கம்பங்களைக் கழற்றி, வேறு இடங்களில் மறுபடி நட்டார்கள். பிலாத்துஸ் கொஞ்சம் வெளியே வந்தது. முழுவதும் வரவில்லை, அதையும் கேட்டிருக்கலாம் என்றார் அண்ணை.

கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவளுடைய நேர்முகம். நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட அந்த நடைவழியை அளந்தேன். அவள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். நினைத்தபடியே கேட்டிருக்கிறார்கள், வெற்றுப் போத்தலை என்ன செய்வீர்கள் என்று.

"நீர் என்ன சொன்னனீர்?"

"நிறம் பிரிச்சுத் தொட்டிக்குள்ளை போடுவன், ஞாயிறிலை போடமாட்டன், அதுக்குப் பிறகு அது என்ரை படுக்கையறைக்கு முன்னாலை வரும் எண்டன். எல்லாரும் சிரிச்சவை. ஒராள், ஓ, அது நீங்களோ எண்டு கேட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன, ஓம் எண்டன்."

அவளுடைய குடியுரிமைக்கு எங்கள் ஊர் சம்மதித்துவிட்டது. கன்டோன் என்கிற மாநிலமும் தலைநகரும் இன்னும் சொல்லவேண்டும். அது மெல்ல வரட்டும்.

நிலையம் திறந்த காலை நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. அவள் வேலையால் வந்து, தட்டிகளை இறக்கிவிட்டுப் படுத்தாள். நான் குசினியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முதல் லொறி வந்தது. எங்கள் சுவரைக் கடந்து, ரெயில் பாதைப் பக்கம் வளைந்து மறைந்தது. ஒரு கதவு இறங்கும் உறுமல். பிறகு அது. எங்கோ தூரத்தில் யாரோ சங்கிலியைப் பெட்டிக்குள் சுருட்டி வைப்பது போல ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். ரெயில் ஒன்று போனது, அதைவிடப் பெரிய சத்தத்தோடு. நாங்கள் ரெயிலுக்குப் பழகியவர்கள். என் தோள்கள் இறங்கியதை அப்போதுதான் உணர்ந்தேன். எத்தனை மாதமாக அவற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேனோ. அன்று நான் நடக்கப் போகவில்லை. கதிரையில் இருந்தேன். கீழே அண்ணையின் குரல் யாருக்கோ, மெல்லக் கதையுங்கோ, சனம் படுத்திருக்குது என்று கட்டடமே அதிரச் சொல்லியது.

மத்தியானம் தாண்டி, நான் வேலைக்குச் சப்பாத்துப் போடும்போது, அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். நித்திரை கலையாத குரல்.

"இஞ்சேருங்கோ. இண்டைக்குத் தொடங்கேல்லையோ?"

"காலமையே தொடங்கிட்டினம்."

பிறகு போர்வை இழுபடும் சத்தம்.

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் படுக்கிறன்," என்றாள்.